விலகியவன் பகைவனல்ல!

கோட்டை ஒன்று சரிந்தது. பீரங்கி முழங்கவில்லை. படை திரண்டு வரவில்லை. விரல் நுனியிலே வைத்த ஒரு சொட்டு மையினால் சரிந்தது!

2011 மே 13. மேற்கு வங்கத்திலே வாக்கு எண்ணிய நாள். 1977 முதல் 34 ஆண்டுகள், ஏழு சட்டமன்றத் தேர்தல்களிலே தொடர்ந்து வென்று, அசைக்க ஆளில்லை என்று பெயரெடுத்த இடதுசாரி முன்னணி அன்று வீழ்ந்தது. 2006-ஆம் ஆண்டு 294 இடங்களிலே 235-ஐ அள்ளிய முன்னணிக்கு, ஐந்தே ஆண்டுகள் கழித்து மிஞ்சியவை 62! முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா ஜாதவ்பூர் தொகுதியிலே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? அதே முன்னணியின் ஆட்சியிலே தலைமைச் செயலாளராக இருந்த மணீஷ் குப்தா! கோப்பு நீட்டிய கையே கொடியை இறக்கியது.

"வங்கத்துக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கும் தோழர் இருக்கலாம். அடுத்த வீடு எப்படித் தீப்பிடித்தது என்று விசாரிப்பது வம்பளக்க அல்ல. நம் வீட்டு அடுப்பைச் சரியாக அணைத்துவிட்டுப் படுக்க. எந்தக் கொடியை ஏந்தியவனாயினும் சரி, நள்ளிரவிலே பசை வாளியைத் தூக்கிச் சுவரொட்டி ஒட்டியவன், கூலியை இழந்து மாநாட்டுக்குப் போனவன், தடியடி பட்டவன் ஒவ்வொருவனும் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். ஏனெனில் அங்கே தோற்றது தலைவர்கள் மட்டுமல்ல; அவனைப் போன்ற ஆயிரமாயிரம் தொண்டர்களின் வியர்வையும் சேர்ந்துதான் தோற்றது.

முதலிலே பெருமையைச் சொல்லிவிடுவோம். அதைச் சொல்லாமல் குற்றத்தை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது.

1977 ஜூனிலே ஜோதி பாசு முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே, 1978-லே, 'ஆபரேஷன் பர்கா' தொடங்கியது. அதென்ன பர்கா? ஊரான் நிலத்தை வாரத்துக்கு உழுபவன் பர்காதார். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த ஆண்டு உழுதவனை அடுத்த ஆண்டு துரத்தலாம், கேட்க நாதியில்லை. சட்டம் ஏற்கெனவே இருந்தது: உழுபவன் தன் செலவிலே பயிரிட்டால் விளைச்சலில் முக்கால் பங்கு அவனுக்கு. ஆனால் சட்டம் அலமாரியிலே தூங்கியது. குடியானவன் களத்து மேட்டிலே ஏங்கினான். முன்னணி ஆட்சி அதிகாரிகளைக் கிராமத்துக்கே அனுப்பியது. உழுபவர்களைக் கூட்டி வைத்து, ஊரறியப் பெயர் எழுதியது. 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பர்காதார்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. அதே 1978-லே ஊராட்சித் தேர்தல் நடந்தது. பண்ணையார் உட்கார்ந்த நாற்காலியிலே பள்ளி ஆசிரியரும் சிறு விவசாயியும் உட்கார்ந்தனர்.

இதற்காகத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். மந்திரத்துக்கு மயங்கியல்ல, மடியிலே விழுந்த நெல்லுக்காக. உள்ளங்கை ரேகையைப் போல உறுதியான உரிமைக்காக.

அப்படியானால் அந்த மக்கள் ஏன் விலகினார்கள்? நன்றி கெட்டவர்களா அவர்கள்? இல்லை! இல்லவே இல்லை!

ஒரு பர்காதாரை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். 1978-லே அவனுக்கு வயது முப்பது. பெயர் ஏறியது, தலை நிமிர்ந்தது, சாகும்வரை அரிவாள் சுத்தியலுக்கே என் வாக்கு என்று இருந்தான். 2006-லே அவனுக்கு ஐம்பத்தெட்டு. அவன் மகன் பள்ளி போனான், படித்தான், இப்போது வேலை தேடுகிறான். மூன்று மகன்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கொரு துண்டு நிலம்தான். ஹூக்ளிக் கரையிலே சணல் ஆலைகளின் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறது. மகன் கேட்கிறான்: "அப்பா, உனக்குக் கொடுத்தார்கள் சரி, எனக்கு?"

அந்தக் கேள்விக்குக் கட்சி தந்த பதில் என்ன? "1978-ஐ மறந்துவிட்டாயா?" என்பதே பதில்!

இங்கேதான் முதல் விரிசல். செய்த நன்மையைக் கட்சி கடன் பத்திரமாக ஆக்கிக்கொண்டது; ஒவ்வொரு தேர்தலிலும் வட்டி வசூலித்தது. தகப்பன் வாங்கிய கடனைப் பிள்ளை கட்டுவான், பேரனும் கட்டுவானா? தொழில் நலிந்ததற்கு டெல்லியும் பொறுப்பு என்பது உண்மை. நிலக்கரியும் எஃகும் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி மத்திய அரசு வகுத்த சரக்குக் கட்டணக் கொள்கை, சுரங்கத்தின் பக்கத்திலே இருந்த வங்கத்தின் வசதியைப் பறித்தது. அந்த உண்மையை முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தால், வேலை கேட்டு நிற்பவன் காதிலே அது சாக்காகத்தான் விழும்.

இரண்டாவது விரிசல், கட்சி அலுவலகத்து வாசற்படியிலே விழுந்தது. ஒரு காலத்திலே அந்த லோக்கல் கமிட்டி அலுவலகம் ஏழையின் புகலிடம். போலீஸ் அடித்தால் அங்கே ஓடினான். பண்ணையார் மிரட்டினால் அங்கே ஓடினான். நாளடைவிலே என்ன ஆயிற்று? அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு அங்கே போக வேண்டும். புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கு அங்கே போக வேண்டும். பள்ளிக்கூட வேலைக்கு, ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அங்கிருந்து தலையசைப்பு வேண்டும். புகலிடம் சுங்கச் சாவடியாயிற்று! மனுக் கொடுக்க வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் நிலை வந்தது. எந்தப் பண்ணையாரை வீழ்த்தக் கட்சி பிறந்ததோ, அந்தப் பண்ணையாரின் மிடுக்கு கட்சிக்காரனின் நடையிலே வந்து குடியேறியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், தோழர்களே! புத்ததேவ் பட்டாச்சார்யா கறைபடாத கரத்தினர். முதலமைச்சர் பதவியிலும், பதவி போன பின்பும், 2024 ஆகஸ்டிலே கண் மூடும்வரையிலும், கல்கத்தா பாம் அவென்யூவிலே இரண்டு அறை கொண்ட சின்னஞ்சிறு அரசு வீட்டிலேதான் வாழ்ந்தார். எதிரிகளும் அவர் நேர்மையை மதித்தனர். ஆயினும் கட்சி தோற்றது. ஏன்? கிராமத்து வாக்காளன் முதலமைச்சரின் வீட்டைப் பார்த்தவனல்ல. அவன் பார்த்தது உள்ளூர்க்காரனின் வீட்டை! ஓட்டு வீடு மாடி வீடானதைப் பார்த்தான். சைக்கிள் மோட்டார் சைக்கிளானதைப் பார்த்தான். தலைவரின் எளிமை தலைநகரிலே இருந்தது. தொண்டனின் திமிர் தெருவிலே இருந்தது. எது கண்ணிலே படும்?

மூன்றாவது விரிசல், காது அடைத்துப் போனது. 2003 ஊராட்சித் தேர்தலிலே ஆயிரக்கணக்கான இடங்களில் போட்டியே இல்லாமல் வெற்றி. கட்சிக்காரன் மகிழ்ந்தான், மாலை போட்டுக்கொண்டான். அழ வேண்டிய இடத்திலே சிரித்தான்! எதிர்த்து நிற்க ஓர் ஆளும் இல்லாத ஊரிலே, அன்புதான் பொங்கி வழிகிறது என்று எண்ணலாமா? அச்சம் வாயைக் கட்டியிருக்கிறது என்று உணர வேண்டாமா? வாய் மூடியவன் மனத்தையும் மூடிவிடுவதில்லை. 2006-லே 235 இடங்கள் கிடைத்த மமதை மீதமிருந்த காதையும் அடைத்தது.

2007 செப்டம்பர், அக்டோபர் மாதங்கள். பாங்குரா, பீர்பூம், பர்துவான் மாவட்டங்களிலே ரேஷன் கடைக்காரர்கள் மீது மக்கள் பாய்ந்தனர். கோதுமை கள்ளச் சந்தைக்குப் போகிறது என்ற குமுறல். இது பணக்காரன் தூண்டிய கலகமா? கூப்பன் அட்டையைக் கையிலே பிடித்த ஏழையின் கோபம்! ஆட்சியின் அடித்தளமாக இருந்தவனே அடுப்பெரியாமல் தெருவுக்கு வந்தான். அப்போதாவது விழித்திருக்க வேண்டும்.

விழிக்கவில்லை. அதற்குள் சிங்கூரும் நந்திகிராமமும் தீப்பற்றியிருந்தன.

சிங்கூரிலே டாடா கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் எடுத்தார்கள். தொழிற்சாலை வேண்டாம் என்று உழைப்பவன் எவனும் சொல்ல மாட்டான். மகனுக்கு வேலை வேண்டுமே! ஆனால் எந்தச் சட்டத்தைக் கொண்டு எடுத்தார்கள்? வெள்ளைக்காரன் 1894-லே இயற்றிய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு! பதிவான பர்காதாருக்கு இழப்பீட்டிலே கால் பங்கு கிடைத்தது. பதிவில் ஏறாதவனுக்கும், அந்த வயலிலே கூலிக்கு நாற்று நட்டவளுக்கும் என்ன கிடைத்தது? நிலத்தைக் கொடுத்த கை என்று கும்பிட்டவன், அதே கை நிலத்தைப் பறிக்க நீளக் கண்டான். 2008 அக்டோபரிலே டாடா நிறுவனம் வெளியேறியது. நிலமும் போயிற்று, ஆலையும் போயிற்று. 2016-லே உச்ச நீதிமன்றம் அந்த நிலமெடுப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நந்திகிராமத்திலே நடந்தது இன்னும் கொடிது. இந்தோனேசிய சலீம் குழுமத்தின் ரசாயனத் தொழில் வளாகத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், மக்கள் பாதையை வெட்டித் தடுத்தனர். 2007 மார்ச் 14-லே போலீஸ் நுழைந்தது, துப்பாக்கி வெடித்தது, 14 பேர் மாண்டனர். அந்த மண் எந்த மண்? 1946-லே, விளைச்சலில் மூன்றில் இரு பங்கு உழுபவனுக்கே என்று முழங்கிய தெபாகா கிளர்ச்சியிலே செங்கொடி பிடித்த மண்! ரசாயன வளாகம் அங்கே வராது என்று பிறகு முதலமைச்சர் அறிவித்தார். ஆனால் அதே ஆண்டு நவம்பரிலே கட்சியினர் பலத்தால் அந்த ஊர்களை மீட்டபோது, அவர்களுக்கு அவர்கள் பாணியிலேயே பதில் கிடைத்தது என்று பொருள்படப் பேசினார். முதலமைச்சர் யாருக்கு முதலமைச்சர்? ஓட்டுப் போட்டவனுக்கு மட்டுமா? அந்த ஒரு பேச்சிலே அரசு மறைந்தது. கட்சி மட்டும் தெரிந்தது.

மக்கள் எச்சரிக்கை தராமலா போனார்கள்? தந்தார்கள்! 2008 ஊராட்சித் தேர்தலிலே கிழக்கு மேதினிப்பூரும் தெற்கு 24 பர்கானாவும் கைவிட்டுப் போயின. 2004-லே 42 மக்களவைத் தொகுதிகளில் 35 தந்தவர்கள், 2009-லே 15 மட்டுமே தந்தனர். அதன் பிறகுதான் தவறு திருத்தும் இயக்கம் பற்றிப் பேச்சு எழுந்தது. வெள்ளம் கழுத்துக்கு வந்தபின் கரையைக் கட்டப் போனார்கள்.

ஆயினும் இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2011-லே தோற்றபோதுகூட முன்னணிக்கு ஏறத்தாழ 41 சதவீத வாக்குகள் இருந்தன. நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் இன்னும் கைவிடவில்லை! அந்த நிலையிலிருந்து எழுந்திருக்கலாமே? ஏன் எழவில்லை?

தோல்விக்குப் பின் கிராமத்துத் தொண்டன் அடிபட்டான், ஊரைவிட்டு ஓடினான். காக்க ஆளில்லை. 2016-லே, எந்தக் காங்கிரசின் 1970-களின் அடக்குமுறையைச் சொல்லிச் சொல்லித் தலைமுறைகளை வளர்த்தார்களோ, அந்தக் காங்கிரசோடு கை கோத்தார்கள். கணக்கு சரியாக இருந்திருக்கலாம். தொண்டனின் நெஞ்சம் கணக்குப் புத்தகம் அல்லவே! கிடைத்தவை 32 இடங்கள். 2019 மக்களவைத் தேர்தலிலே ஏழு சதவீத அளவு வாக்கு, இடம் ஒன்றுமில்லை. அந்தத் தேர்தலிலே பாரதிய ஜனதா 18 இடங்களைப் பிடித்தது. 2021 சட்டமன்றத்திலே முன்னணிக்கு இடம் பூஜ்யம்! தன்னைக் காக்கும் கை எது என்று தேடிய செங்கொடித் தொண்டன், நேர் எதிர்த் திசையிலே போய் நின்றான். ஏமாந்தவன் வீட்டிலே முடங்கிவிடுவான் என்று எண்ணாதீர். அவன் கோபம் எந்தத் திசையிலும் பாயும். ஆபத்தே அதுதான்.

வென்றவர்களாவது பாடம் கற்றார்களா? 2018 ஊராட்சித் தேர்தலிலே மூன்றில் ஒரு பங்கு இடங்கள் போட்டியின்றியே திரிணாமூல் காங்கிரசின் வசமாயின. ஆள் மாறியது, அதே நோய் தொடர்ந்தது. ஆகவே இது ஒரு கொடியின் குற்றம் என்று எண்ணி நாம் நிம்மதியாக உறங்க முடியாது. நாற்காலியிலே நெடுநாள் உட்கார்ந்த எவருக்கும் வரக்கூடிய நோய் இது.

தோழனே! இப்போது உன்னிடம் வருவோம்.

தலைமைக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. ஆனால் வங்கத்துக் கதையின் உயிர்நாடி உன் தெருவிலே இருக்கிறது. வாக்காளனுக்குக் கட்சி என்றால் தலைவரின் படமல்ல, நீதான் கட்சி! பட்டாவுக்கு வந்த கிழவியை "நாளைக்கு வா" என்று மூன்று முறை அலைக்கழித்தாயானால், அவளுக்குக் கட்சி அன்றே தோற்றுவிட்டது. வாக்கு எண்ணும் நாள் வரை அந்தத் தோல்வி உனக்குத் தெரியாது, அவ்வளவே.

டீக்கடையிலே ஒருவன் உன் கட்சியைக் குறை சொல்கிறான். உடனே "விலை போனவன்" என்கிறாய். பொறு! திட்டுகிறவன் இன்னும் உன்னை விட்டுப் போகவில்லை. எதிர்பார்ப்பு இருப்பதால்தான் ஏசுகிறான். அவன் பக்கத்திலே உட்கார், டீ சொல், கேள். எந்த மனு நின்றுபோயிற்று, எந்தக் கடையிலே எடை குறைந்தது, நம் ஆள் எவன் கை நீட்டினான் என்று கேள். கேட்டதை மேலே சொல். சொன்னால் பதவி போகும் என்று அஞ்சுகிறாயா? சொல்லாவிட்டால் கட்சியே போகும். பிறகு பதவியை எங்கே வைத்துக்கொள்வாய்?

உன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று சிரிக்கிறானே, அவனைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். வங்கத்திலே 2003-லும் 2006-லும் அப்படித்தான் சிரித்தார்கள்!

விலகியவன் பகைவனல்ல. நம்பிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பவன் அவன். அவன் வீட்டு வாசலுக்கு இன்று மாலையே போ. தேர்தல் வரட்டும் என்று காத்திராதே. வாக்குச் சீட்டோடு போகாமல் வெறுங்கையோடு போ. திண்ணையிலே உட்கார்ந்து, அவன் பேசி முடிக்கும்வரை வாய் திறவாமல் இரு.