பழுதைப் பார்ப்பதா? போர்டை மாற்றுவதா?



தலைவலி என்று போனால் தலையையே மாற்றச் சொல்லும் வைத்தியரை யாராவது நம்புவோமா? ஆனால் இன்று ஒரு டிவி பழுதானால் நாம் கேட்கும் முதல் வார்த்தையே "போர்டு போச்சு, மாத்தணும்" என்பதுதான். இது சரிதானா என்று உங்களோடு சேர்ந்து சிந்திக்கவே இந்தக் கட்டுரை.

சென்ற ஐப்பசி மழையில் திருவட்டாற்றில் எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் 32 அங்குல எல்.இ.டி. டிவி நின்றுபோனது. சிவப்பு விளக்கு எரியும். ரிமோட்டை அழுத்தினால் இரண்டு மூன்று தடவை மினுங்கும். படம் வராது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்கள்:

"மெயின் போர்டு போச்சுன்னு சொல்லுதான் மக்களே. மூவாயிரத்து எண்ணூறு ரூவா கேக்குதான். அதுக்குப் புதுசே வாங்கலாம்னும் அவனே சொல்லுதான். நீ கரண்டுக்குத்தானே படிக்கே? ஒண்ணு பாத்துத் தா."

மாமிக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. மழைக்காலத்தில் வெட்டு நடக்காது; வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அந்த மாதத்தில் 3,800 ரூபாய் என்பது சாதாரணமா? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். ஆகவே கரண்டு சம்பந்தப்பட்ட எல்லாமே எனக்குத் தெரியும் என்பது ஊராரின் கணக்கு. உள்ளதைச் சொன்னால், அன்றுவரை பழுதான ஒரு போர்டைக்கூட நான் தொட்டதில்லை!

பின்மூடியைக் கழற்றினேன். பவர் சப்ளை போர்டில் ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ஸ்டாண்ட்பை 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மல்டிமீட்டரை வைத்தேன். சரியாக 5.1 காட்டியது. எந்தக் கெப்பாசிட்டரும் தலை வீங்கி நிற்கவில்லை. "பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு மாமி, கடைக்காரர் சொன்னது சரிதான்" என்று பெரிய இஞ்சினியர் மாதிரித் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று இரவு படுத்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. நான் அளந்தபோது டிவி சும்மாதானே இருந்தது! வெறுந்தலையோடு நிற்கிறவன் நிமிர்ந்துதான் நிற்பான். சுமையைத் தூக்கி வைத்தால்தானே முழங்கால் நடுங்குவது தெரியும்?

மறுநாள் காலையில் மீட்டரை வைத்தபடியே மாமியிடம் ரிமோட்டை அழுத்தச் சொன்னேன். 5.1 இருந்தது சடாரென்று 3.6-க்கு விழுந்து, திரும்பவும் ஏறியது. அப்போ மெயின் போர்டு கெடவில்லை; அதற்குச் சாப்பாடுதான் போய்ச் சேரவில்லை! 5 வோல்ட் வரிசையில் இருந்த இரண்டு கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். விலை 24 ரூபாய். டிவி பாடத் தொடங்கியது.

இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் அவசரத் தீர்ப்பை நம்பி மாமி அன்றைக்கே கடன் வாங்கியிருந்தால் அந்தப் பாவம் யாருக்கு?

நண்பர்களே, எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஈரமான ஒரு வேதிப்பொருள். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. உள்தடை கூடிப்போன கெப்பாசிட்டர் வெளியே அழகாக இருக்கும். மைக்ரோஃபாரட் அளவைக்கூடச் சரியாகக் காட்டும். சுமை ஏறியதும் கைவிரிக்கும். ஆகவே மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்றுக் கூடுதல், 105 டிகிரி தரம் என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஃப்யூஸ் எரிந்திருந்தால் புது ஃப்யூஸ் போட்டுச் சுவிட்சைத் தட்டுவது நம்மில் பலரின் பழக்கம். ஃப்யூஸ் வெறும் சாட்சி. குற்றவாளி பெரும்பாலும் ஷார்ட்டான மாஸ்ஃபெட்டோ, பிரிட்ஜ் ரெக்டிஃபையரோதான். அதைப் பிடிக்காமல் பவர் கொடுத்தால் புது ஃப்யூஸும் போகும். பார்த்த பிறகும் சந்தேகம் என்றால், குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து முதல் தடவை பவர் கொடுங்கள். சிறிதாக மின்னி அடங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. 230 வோல்ட் ஏசி, ரெக்டிஃபையர் தாண்டியதும் சுமார் 325 வோல்ட் டிசி ஆகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் "டப்" என்று ஷார்ட் செய்வது வீரம் அல்ல, மடமை. தகுந்த ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். டிவி திரும்பக் கிடைக்கும், உயிர் கிடைக்குமா?

போர்டு மாற்றுகிற மெக்கானிக்குகளை நான் குறை சொல்லவில்லை. இடி விழுந்து தடம் கருகிய போர்டை மாற்றத்தான் வேண்டும். சர்க்யூட் படம் கிடைக்காமல், உதிரிபாகமும் கிடைக்காமல் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? 2006-இல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய கலர் டிவிகள் படக்குழாய்ப் பெட்டிகள். அவற்றை நம் தெரு மெக்கானிக்குகள் பாகம் பாகமாகச் சரிசெய்தார்கள். அந்தக் கைத்திறன் கண்முன்னே அழிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு டிவி மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு அதன் பவர் சப்ளையும் கெப்பாசிட்டரும் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் உரிமை மட்டும் வந்து என்ன பயன், பழுதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லையென்றால்?

அந்த ஆள் நாம்தான். ஆனால் நம் செய்முறை வகுப்பில் நடப்பது என்ன? நல்ல டையோடு, நல்ல கெப்பாசிட்டர், நல்ல டிரான்ஸ்ஃபார்மர் கொண்டு ரெக்டிஃபையர் கட்டி, நல்ல அலைவடிவம் வரைந்து, நல்ல மார்க்கும் வாங்கிவிடுகிறோம். கெட்டுப்போனதை நாம் பார்ப்பதே இல்லை! உடல்நலத்தோடு இருப்பவர்களை மட்டுமே பார்த்துப் படித்தவர் டாக்டராக முடியுமா?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் தாழ்மையான வேண்டுகோள் இது: நம் ஒவ்வொருவர் ஊரிலும் பரணில் தூங்கும் பழைய டிவி போர்டுகளைச் சேகரிப்போம். ஆசிரியர்களின் மேற்பார்வையில் வாரம் ஒரு மணி நேரம், ஆளுக்கு ஒரு கெட்ட போர்டு. எது கெட்டது, எப்படித் தெரிந்தது, ஏன் கெட்டது என்று மூன்று வரி எழுதட்டும். அதற்கும் மார்க் போடட்டும்.

அன்று மாமி நீட்டிய ரூபாயை நான் வாங்கவில்லை. மறுநாள் அவித்த மரச்சீனியும் மீன்கறியும் வீடு தேடி வந்தன. கூடவே ஒரு கேள்வியும்: "அப்போ போர்டு போகவே இல்லியா மக்களே?"

"போகல்ல மாமி. நாங்கதான் சரியாப் பாக்கல்ல" என்றேன்.

இனியாவது சரியாகப் பார்ப்போம் நண்பர்களே!

– மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை