சிறை வகுப்பறையில் யார் பக்கத்தில் யார்?

சிறையிலிருந்தபடி ஒருவர் பட்டம் வாங்கினால் ‘திருந்திவிட்டார்’ என்று எழுதுகின்றன நம் ஊடகங்கள். படிப்பு என்ன பாவமன்னிப்பா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் முஸ்லிம்களும் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். குற்றமே நிரூபிக்கப்படாதவர்களை எதிலிருந்து திருத்தப் போகிறீர்கள்?

இக்னோவின் அஞ்சல்வழிப் படிப்பில்தான் பேரறிவாளன் சிறைக்குள் எம்.சி.ஏ. முடித்தார். அந்த வாசல் அவசியம். ஆனால் புத்தகக் கட்டும் தேர்வுத்தாளும் மட்டுமே பல்கலைக்கழகம் ஆகிவிடாது. ஆசிரியர் உள்ளே வர வேண்டும். மறுத்துப் பேச இடம் வேண்டும். எந்நேரமும் ஜாமீனில் போகக்கூடியவருக்கு ஓராண்டுப் பாடம் பொருந்தாது; சிறு சிறு பாடங்களாக்கி, அவற்றின் மதிப்பெண்ணை வெளியிலுள்ள கல்லூரியும் ஏற்க வேண்டும். முதல் பாடம் நீதிபோதனையாக இருக்கக் கூடாது. ஜாமீன் சட்டமாக இருக்கட்டும்.

அங்கே யார் பக்கத்தில் யார் உட்காருவது? துப்புரவை ஒடுக்கப்பட்டோருக்கும் சமையலை மேல்சாதியினருக்கும் ஒதுக்கிய சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையின் சாதிவாரிப் பிரிவினையும் அவ்வழக்கில் பேசப்பட்டது. மோதலைத் தடுக்கவே பிரிக்கிறோம் என்ற சாக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அப்படியானால் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் காட்டுங்கள். தொகுதிவாரியாக வகுப்பு நடத்தினால், சாதிக்குப் பட்டமளிப்பு விழா எடுத்ததாகத்தான் பொருள்.

கல்லூரிகளில் பாடம் எடுக்கும் தோழர்களே, சிறைக் கதவைத் தட்டுங்கள். சலுகையாகக் கேட்காதீர்கள், கல்வி அவர்களின் உரிமை.