இறக்கினால் மட்டும் போதுமா?

"கார் தாழ்ந்தால் ஈர்ப்பு மையம் தாழும்; வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் குறையும்; ஆகவே அதிகம் இறக்கும் ஸ்பிரிங்கே சிறந்தது." முதல் இரண்டும் சரி. மூன்றாவது எங்கிருந்து குதித்தது?

1. கணக்கைப் பாருங்கள். டொயோட்டா 86-இன் ஈர்ப்பு மைய உயரம் 460 மி.மீ. 30 மி.மீ. இறக்கினால் பாரமாற்றத்தில் குறைவது 7 சதவீதம்கூட இல்லை.

2. அதற்கு என்ன விலை? இந்தக் காரின் முன்பக்க சஸ்பென்ஷன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். காரை இறக்கினால் லோயர் ஆர்மின் சக்கரப்பக்க முனை, உடற்பக்க முனையை ஒப்பிட, மேலேறும். உருளல் மையம், அதாவது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீள்கிறது. ஸ்பிரிங் போதிய விறைப்பாக இல்லாவிட்டால், தாழ்ந்த கார் முன்னைவிட அதிகம் சாயும். ஸ்பிரிங் விற்கும் கடைக்காரர் இதைச் சொன்னாரா?

3. அந்த 30 மி.மீ. எங்கிருந்து வந்தது? ஷாக் அமுங்கும் தூரத்திலிருந்துதானே? வளைவின் நடுவே ஒரு மேடு. ஷாக் அடிமட்டத்தைத் தொடுமுன் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டுகிறது. அந்த மூலையில் விறைப்பு சட்டென எகிற, டயர் பிடி விடுகிறது. ரப்பர் இல்லையென்றால் ஷாக்கே அடிமட்டத்தில் மோதிக் கெடும்; "ரப்பரை வெட்டிவிடு" என்பவர்கள் புது ஷாக்குக்கும் பணம் தருவார்களா?

4. பழைய ஷாக் பழைய ஸ்பிரிங்குக்காக அளவெடுத்தது. விறைப்பான ஸ்பிரிங் மீளும் துள்ளலை அது போதிய அளவு அடக்காது.

எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதற்கு முன், ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவு என்று கேளுங்கள். மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். கேம்பரும் (சக்கரச் சாய்வு) டோவும் (சக்கரத் திசை) மாறியிருக்கும். அழகுக்காகத்தான் இறக்குகிறீர்களா? தாராளமாக. அதற்கு இயற்பியலை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?