அலமாரி இல்லாத அணிவகுப்பு

"முதியோர் இல்லத்தில் ஆடை அணிவகுப்பா?" என்று முகஞ்சுளிப்போர் ஒரு சாரார். "அதில் என்ன தவறு? பாட்டிமார்க்குப் பட்டுடுத்திப் பார்த்து மகிழ்வோமே!" என்று புறப்படுவோர் மற்றொரு சாரார். முன்னவரைப் பழைமைவாதிகள் என்றும் பின்னவரைப் புதுமை விரும்பிகள் என்றும் பிரித்துவிடுதல் எளிது. ஆயினும் நுணுகி நோக்கின் இருவரும் ஒரே பிழையையே செய்கின்றனர். முதியவர் எதனை உடுத்த விரும்புகிறார் என்று இருவருமே அவரிடம் கேட்பதில்லை.

முன்னவரின் வாதம் நெடிதன்று. முதுமைக்கு அடக்கமே அழகு. வெள்ளாடையும் திருநீறும் பசனைப் பாடலும் இருந்தாற் போதும் என்பர். கணவனை இழந்தவளுக்கு வண்ணம் ஆகாது என்று விதித்த அதே வாய், இன்று முதுமையின் பெயரால் அவ்விதியையே புதுப்பிக்கிறது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நாளில், ஆண்டுக்கொருமுறை தீபாவளிக்கு எடுக்கும் சேலையின் கரை என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு திங்கள் முழுதும் எண்ணிப் பார்த்தவள், 75 வயதானதும் நிறமே வேண்டாதவள் ஆகிவிடுவாளா? சீன நடிகர் வாங் தெஷுன், எண்பதை நெருங்கிய அகவையில், 2015ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆடை அணிவகுப்பில் மேலாடையின்றி நிமிர்ந்து நடந்தார். உலகம் நகைக்கவில்லை, வியந்தது. அவ்வாறு நடக்க அவரே விரும்பினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பின்னவரைப் பற்றியே விரிவாகப் பேசவேண்டியுள்ளது. ஏனெனில் அவர்கள் நல்லவர்கள். தீபாவளி மாதம் பிறந்துவிட்டால் நடப்பது யாது? காலை 10 மணிக்குப் பேருந்து வந்து நிற்கிறது. இளைஞர் மன்றத்தினரும் பள்ளி மாணவரும் இறங்குகின்றனர். மொத்தமாக வாங்கிய ஒரே நிறச் சேலைகள் நெகிழிப் பைகளில் இறங்குகின்றன. அரைமணி நேரத்தில் மூதாட்டியர் அனைவரும் உடுத்தப்படுகின்றனர். (இவ்விடத்தில் செயப்பாட்டு வினையே பொருந்தும் என்பதை இலக்கணம் பயில்வோர் அறிவர்.) ஒலிபெருக்கியில் திரைப்பாடல் முழங்கச் சக்கர நாற்காலிகள் தள்ளப்படுகின்றன. நடுவர் மூவர் மதிப்பெண் இடுகின்றனர். ஒருவர்க்குக் காகிதக் கிரீடம் சூட்டப்படுகிறது. கைதட்டல், நிழற்படம், உணவுப் பொட்டலம். 12 மணிக்கெல்லாம் பேருந்து புறப்பட்டுவிடுகிறது. ஐம்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த ஒருத்தியை இரண்டாம் பரிசுக்கு உரியவள் என்று தீர்ப்பளிக்க அந்நடுவர்க்கு அதிகாரம் தந்தவர் யார்?

பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடக்கும். ஏழு வயதுச் சிறுமி பஞ்சினாற் செய்த நரைமுடியும் கையிற் கோலுமாக ஔவையாராக வந்து நிற்பாள். அது அவள் ஆசையோடு ஏற்ற வேடம். மேடையை விட்டு இறங்கியதும் களைந்துவிடலாம். மேற்சொன்ன நிகழ்ச்சியோ அதன் தலைகீழ் வடிவம். அங்கு முதியவள் குழந்தை ஆக்கப்படுகிறாள். அவள் ஏற்காத வேடம் அது.

இங்கொரு கேள்வி எழும். இல்லத்தில் அவள் நாள்தோறும் உடுத்துவது எவருடைய உடை? அமெரிக்கச் சமூகவியலறிஞர் எர்விங் காஃப்மன், மனநோய் மருத்துவமனைகளையும் அவை போன்ற பிற நிறுவனங்களையும் ஆராய்ந்து 1961ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உள்ளே நுழைபவரிடமிருந்து முதலிற் பறிபோவன அவருடைய சொந்த உடையும் உடைமைகளுமே என்று காட்டினார். கருணையோடு நடத்தப்படும் இல்லத்திலும் இது நேரக்கூடும். கொடியவர் எவரும் அதற்கு வேண்டியதில்லை. பொதுச் சலவை ஒன்றே போதும். எல்லார் துணியும் ஒரே இயந்திரத்தில் துவைக்கப்பட்டு, ஒரே குவியலாகத் திரும்பி வரும். கைக்கு அகப்பட்டது அன்றைய உடையாகும். நேற்று அடுத்த கட்டிலில் இருந்தவர் அணிந்த அங்கி இன்று இவர் மேல் இருக்கும். சீவிமுடிக்க ஆளில்லை என்று தலைமுடியும் கத்தரிக்கப்படும். இந்நிலையில் ஆண்டுக்கு இரண்டு மணிநேரம் பட்டுடுத்திப் பார்ப்பது, மற்ற 364 நாளின் வறுமையை மறைக்கும் திரையன்றி வேறென்ன?

தேர்வுரிமை என்பது சிறுபொருள் அன்று. 1976ஆம் ஆண்டு எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலறிஞர் இருவர் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஒரு மாடியில் வாழ்ந்தோர், தமக்கு வேண்டிய செடியைத் தாமே தேர்ந்து, தாமே நீர் வார்த்தனர். திரைப்படம் பார்க்கும் நாளையும் தாமே முடிவு செய்தனர். மற்றொரு மாடியில் இவை யாவும் பணியாளரால் செய்து தரப்பட்டன. மூன்று வாரங்களில் முதல் மாடியினர் கூடுதலான சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் பெற்றிருந்தனர். ஒரு செடிக்கே இவ்வாற்றல் உண்டெனில், உடம்போடு ஒட்டிக்கிடக்கும் உடைக்கு எத்துணை ஆற்றல் இருக்கும்!

எனவே அணிவகுப்பு நடத்த விரும்புவோர் முதலில் அலமாரி வாங்கட்டும். ஒவ்வொருவர் கட்டிலருகிலும் பெயரெழுதிய ஒரு சிறு பெட்டியேனும் இருத்தல் வேண்டும். உடையின் உட்புறத்தில் பெயர்த்துணி தைத்துவிட்டால் சலவைக்குச் சென்றது உரியவரிடமே திரும்பும். சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் முகம் பார்க்கும் உயரத்தில் ஒரு நிலைக்கண்ணாடி தாழ்வாக மாட்டப்படல் வேண்டும். தம் முகத்தையே காணாமல் மாதங்களைக் கழிப்போர் உளர்.

அதன்பின் மூன்று வாரம் முன்னதாகவே மாணவர் செல்லட்டும். துணிமூட்டையோடு அன்று, ஏட்டோடும் எழுதுகோலோடும். ஒரு மாணவர் ஒரு முதியவரோடு அமர்ந்து, அவர் உடுத்தியவை எவை, இழந்தவை எவை, இன்று விரும்புவது எது என்று கேட்டெழுதட்டும். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்றொரு புலவர் உளர். அவர்தம் இயற்பெயர் மறைந்துபோயிற்று. கையிலிருந்த கோலே பெயராய் நிலைத்தது. அவர் பாடலிலோ கோலினும் மிகுதியாக நிற்பது, மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய இளமை. இல்லத்தில் இருப்போரிடமும் அத்தகைய மடு ஒன்று இருக்கும். கோலை மட்டும் பார்த்துத் திரும்புவோர்க்கு அது புலப்படாது. விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படுகையில், கொசுக்கடிக்கு அஞ்சிச் சேலைக்கு மேல் அணிந்த முழுக்கைச் சட்டையையும் தலையில் இறுகக் கட்டிய துண்டையுமே மீண்டும் அணிந்து நடக்க ஒருவர் விரும்பலாம். பட்டைவிட அச்சட்டையைப் பற்றி அவர் சொல்லத்தக்கது மிகுதி. சீன மூதாட்டி சம்பூவும், மலாய்த் தாத்தா சொங்கோக்கும் கேட்கலாம். "நான் வரமாட்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதும் ஒரு விடையே, அதற்குத் தலைவணங்குதல் வேண்டும்.

செய்முறையில் அறியவேண்டியன சில உள. வலுவிழந்த கையையே முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். களையும்போது அதனை இறுதியில் எடுக்க வேண்டும். முதியவர் தோல் மெலிது. இறுகிய வளையலும் ஊக்கும் அதனைக் கிழித்துவிடும். முந்தானை சக்கரத்திற் சிக்காமல் மடியிற் செருகப்படவேண்டும். சேலையும் வேட்டியும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். உயர்ந்த மேடை வேண்டாம். நாற்காலிகளுக்கிடையே சமதரையில் நடத்தல் போதும். செவிப்பொறி அணிந்தவர்க்கு ஒலிபெருக்கியின் முழக்கம் துன்பமாகும். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளாவதால் நீலமும் பச்சையும் பிரித்தறிய அரிதாகும். ஆகவே துணியை வெயிலொளியில் காட்டித் தேர்ந்தெடுக்கச் செய்தல் நன்று.

"நேரமில்லை, படமில்லாவிடில் நன்கொடை வாராது" என்று ஏற்பாட்டாளர் கூறுவர். நேரமில்லாதவர் இதனைத் தொடங்காதிருத்தலே நலம். படத்தைப் பொறுத்தவரை, மறதிநோய் உற்ற ஒருவரின் காகிதக் கிரீடப் படத்தை ஊரறியப் பரப்புதற்கு எவரிடம் இசைவு பெறப்பட்டது? 1991ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை முதியோர்க்கென ஏற்ற 18 கோட்பாடுகளில், இல்லங்களில் வாழ்வோரின் மாண்பும் தனிமையும் மதிக்கப்படவேண்டும் என்பதும், தம் வாழ்வைப் பற்றி அவர்களே முடிவெடுக்கும் உரிமையும் அடங்கும். நன்கொடையின் பொருட்டு அவ்வுரிமையை விட்டுக்கொடுக்க வேறெவர்க்கும் அதிகாரமில்லை.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள், "முதியோர் இல்லத்தில் ஒரு நாள்" என்று மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புத் தருவது ஆசிரியர் வழக்கம். அதனை விடுத்து, ஒரு வாரங்கழித்து அவர்களை மீண்டும் அனுப்பி, அன்று அணிந்த அந்தச் சேலை இன்று எவர் மேல் இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லட்டும்.