கமிட்டியிலே அம்மா பேரு. கூட்டத்துக்கு வர நேரம் ஏது?

சென்னை,
பள்ளிக்கூடம் ஊர்ச் சொத்து என்று ஜனங்கள் நினைத்தால் என்ன நடக்கும்?

1950-களின் பிற்பகுதியில் நடந்தது. காமராஜர் முதல்வர்; நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குனர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று கொடுத்தார்கள். பகல் உணவுக்கு அரிசியும் அளந்தார்கள்.

இப்போது சட்டமே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைப் போடுவதும் இந்தக் குழுதான்.

சட்டம் சரி. நேரம்?

கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்களைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு விடிகாலையிலேயே பஸ் பிடிக்கும் தாய்மார்கள். வேலை நாளில் பகலிலே கூட்டம் என்றால் அன்றைய கூலி போச்சு! அவர்கள் வராவிட்டால் குழு என்பது வெறும் கையெழுத்து நோட்டுதான்.

படிப்பை நிறுத்திய பையன் எந்த பிளாக்கில் இருக்கிறான், எந்தக் கடையில் வேலை பார்க்கிறான் என்பது தலைமை ஆசிரியரைவிட அந்தத் தாய்மார்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இல்லாத கூட்டத்தில் அவனைப் பற்றி யார் பேசுவது?

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலம் முழுக்கப் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தார்களே! அன்று முடிந்தது, மாதாமாதம் முடியாதா?