குயில் கூவும், கினிப்பன்றி?

குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும். தமிழ் பயிலும் பிள்ளைகள் ஒலிமரபை இவ்வாறுதான் மனப்பாடம் செய்கின்றனர். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வினைச்சொல்; கோடிட்ட இடத்தில் அதை எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் தில்லியிலும் புணேயிலும் அடுக்குமாடி வீடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் யானை பிளிறுவதை நேரில் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுள் சிலர் நாள்தோறும் கேட்பதோ, அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு விலங்கின் குரல். கூடத்தின் மூலையில், கூண்டுக்குள், உலர்புல்லின் நடுவே அமர்ந்திருக்கும் கினிப்பன்றியின் குரல் அது. “கினிப்பன்றி என்ன செய்யும்?” என்று பிள்ளை கேட்டால், “கத்தும்” என்று சொல்லிப் பெரியவர்கள் முடித்துக்கொள்கின்றனர். அந்த விடை போதாது. அவ்வாறு முடித்துக்கொள்வதால் துன்புறுவது அந்த விலங்கே.

முதலில் அதன் பெயரைச் சற்று நோக்கலாம். கினிப்பன்றி கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று, பன்றியும் அன்று. அது எலியையும் அணிலையும் போலக் கொறிக்கும் விலங்கு. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு. பெரு, பொலிவியா முதலிய நாடுகள் அமைந்துள்ள அப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதை உணவுக்காக வளர்க்கத் தொடங்கினர். அங்கு வழங்கும் கெச்சுவா மொழியில் அதன் பெயர் ‘குவி’. ஸ்பானிய மொழியில் ‘குய்’. அது எழுப்பும் ஒலியே அதற்குப் பெயராயிற்று என்பர். தமிழில் கூகையும் காக்கையும் தத்தம் குரலால் பெயர் பெற்றதைப் போன்றது இது. உடன் வாழ்ந்த மக்களின் காதில் முதலில் விழுந்தது அதன் குரல்தான் போலும்.

வீட்டில் வளரும் கினிப்பன்றியிடம் அடிக்கடி கேட்கும் ஒலி சீழ்க்கை. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும், நெகிழிப்பை சரசரக்கும், கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் அரவம் கேட்கும். உடனே கூண்டிலிருந்து ‘வீக், வீக்’ என்று உரத்த சீழ்க்கை எழும். உணவு வருகிறது என்னும் எதிர்பார்ப்பில் பிறக்கும் இவ்வொலி, பெரும்பாலும் உணவு தரும் மனிதரை நோக்கியே எழுகிறது. காகம் கரைந்தால் விருந்தினர் வருவர் என்று மகிழ்வதும், சுவரில் பல்லி ஒலித்தால் பலன் பார்ப்பதும் தமிழர் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அக்காகமும் பல்லியும் மனிதருக்கு எதுவும் சொல்லவில்லை. உண்மையாகவே மனிதரை விளிக்கும் ஓர் உயிரின் குரலோ, வேடிக்கையாகக் கருதப்பட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யப்படுகிறது. பையை வெறுமனே சரசரக்கச் செய்து, சீழ்க்கையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு கீரைத்தண்டுகூடக் கொடாமல் செல்வோரும் உண்டு. இது ஏமாற்று வேலையன்றி வேறில்லை.

இச்சீழ்க்கைக்கு இன்னொரு பொருளும் உண்டு. கினிப்பன்றிக் குட்டி உடல் முழுவதும் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கிறது. பிறந்த சில மணி நேரத்திலேயே ஓடுகிறது. அத்துணை வளர்ச்சியுடன் பிறந்தாலும், தாயைப் பிரிந்த உடனே அது சீழ்க்கையிட்டு அழைக்கத் தொடங்கும். ஜூலியா பெர்ரிமேன் என்னும் ஆய்வாளர் கினிப்பன்றியின் குரல்களைப் பதிவு செய்து, பத்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து, 1976இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உணவை எதிர்நோக்கும் குரலும் துணையைப் பிரிந்த குரலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இத்தகைய ஆய்வுகளால் விளங்குகிறது. அப்படியாயின், கூண்டில் தனியே வாழும் ஒரு கினிப்பன்றி சீழ்க்கையிடும்போது அது கேட்பது கேரட்டைத்தானா? கேரட் கொடுத்ததும் ஒலி அடங்கிவிடலாம். தனிமை அடங்கிவிடாது.

கினிப்பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. ஆதலால் ஒன்றை மட்டும் வாங்கி வளர்ப்பது தவறு. சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், கினிப்பன்றியைத் தனியே வளர்க்கக் கூடாது என்று கூறுகின்றன. இங்கோ, பிறந்தநாள் பரிசாக ஒன்றே ஒன்று கூண்டுடன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. “இரண்டு வாங்கினால் இருபதாகிவிடுமே” என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. இரண்டையும் பெண்ணாகத் தேர்ந்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டால் அவ்வச்சம் தேவையில்லை. இரண்டுக்கு இடமோ பொருளோ இல்லாத வீட்டில் ஒன்றும் வேண்டாம். பிள்ளைக்கு ஏமாற்றமாக இருக்கும், இருக்கட்டும்.

இனி, மற்ற ஒலிகள். இணங்கி வாழும் இரண்டு கினிப்பன்றிகள் கூண்டில் உலவும்போது இடையறாது முணுமுணுக்கும். ஆண் விலங்கு பெண்ணைச் சுற்றி உடலை அசைத்து நடக்கும்போது வண்டுபோல் முரலும். மெல்லத் தடவிக் கொடுத்தால் தாழ்ந்த குரலில் குறுகுறுக்கும். இங்கேதான் பலர் பிழை செய்கின்றனர். பூனையைப் போலவே இதுவும் மகிழ்ச்சியால்தான் குறுகுறுக்கிறது என்று எண்ணித் தொடர்ந்து தடவுகின்றனர். உடல் தளர்ந்திருந்தால் அவ்வெண்ணம் சரி. உடல் விறைத்து, ‘ட்ர்ர்’ என்று குறுகிய ஒலி எழுந்தால் அது அச்சம். காதை மட்டும் நம்பினால் போதாது. கையும் கண்ணும் சேர்ந்தே அவ்வொலியைக் கேட்க வேண்டும்.

சினம் கொண்டால் அது பற்களை நறநறக்கும். இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. மனிதரும் அவ்வாறே செய்கின்றனர். வலியாலோ பேரச்சத்தாலோ வீறிடும். வீறிடல் கேட்டால் ஓடிச் சென்று பார்க்காதவர் எவரும் இல்லை. ஆயினும் வீறிடலைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது அமைதி. வேட்டையாடப்படும் விலங்குகள் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. நேற்றுவரை கொத்தமல்லிக்குச் சீழ்க்கையிட்ட விலங்கு இன்று பேசாமல் மூலையில் அமர்ந்து உணவை மறுத்தால், அதை “நல்ல பிள்ளையாகிவிட்டது” என்று கருதலாகாது. மூச்சோடு சேர்ந்து ‘கிளிக்’ என்றோ கரகரவென்றோ ஒலி வருமாயின் அது பேச்சன்று, நோய். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஒரு நாள் உண்ணாதிருப்பதே கினிப்பன்றிக்குப் பெருந்தீங்கு.

ஒலியெழுப்பும் விலங்கு ஒலியைக் கேட்கவும் செய்கிறது என்பதை வீட்டார் மறந்துவிடுகின்றனர். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும்; கினிப்பன்றியின் செவி ஏறத்தாழ 50,000 வரை கேட்கும். உட்செவி இயங்கும் முறையைக் கண்டறிந்து 1961இல் நோபல் பரிசு பெற்ற கியார்க் பெக்கேசி தம் ஆய்வுகளுக்குப் பயன்படுத்திய விலங்குகளுள் கினிப்பன்றியும் ஒன்று. அத்தகைய செவியுடைய உயிரின் கூண்டு, மிக்சியும் குக்கரும் இரையும் சமையலறை வாயிலிலோ தொலைக்காட்சியின் அருகிலோ வைக்கப்படுகிறது. தீபாவளி இரவில் அது பலகணியிலேயே விடப்படுவதும் உண்டு. பட்டாசு ஓயும்வரை உள்ளறையில், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியுடன் அதை வைத்திருப்பது பெரிய வேலையன்று.

சீழ்க்கையிடும், முணுமுணுக்கும், முரலும், குறுகுறுக்கும், நறநறக்கும், வீறிடும். இத்தனை வினைச்சொற்களும் தமிழில் முன்பே இருப்பவை. எதையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. பயிற்சிநூலில் கினிப்பன்றிக்கு ஒரே கோடு இட்டால் பொருந்தாது என்பதுதான் செய்தி.

எஞ்சியிருப்பது ஓர் அரிய ஒலி. பல ஆண்டுகள் வளர்த்தவர்களுள்ளும் பலர் அதைக் கேட்டதில்லை. நள்ளிரவில் கூண்டில் ஒன்று அசையாமல் நின்று, சிட்டுக்குருவியைப் போல விட்டு விட்டு, ஒரே சீராக ஒலிக்கத் தொடங்கும். அறைக்குள் பறவை புகுந்துவிட்டதோ என்று உறங்குவோர் விழித்துக்கொள்வர். அருகிலுள்ள மற்ற கினிப்பன்றிகளும் சிலைபோல் நின்றுவிடும். சில நிமிடங்களில் ஒலி தானே ஓய்ந்துவிடும். அச்சமா, எச்சரிக்கையா, வேறொன்றா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அந்நேரத்தில் விளக்கைப் போட்டுக் கைப்பேசியைக் கூண்டருகே நீட்டுவதைவிட, இருளில் சற்றுத் தொலைவில் அமர்ந்து கேட்டிருப்பதே தக்கது. அவ்வொலியைக் கூவுதல் என்பதா, கீச்சிடுதல் என்பதா என்பதைக் கேட்ட பிள்ளைகளே சொல்லட்டும்.