காட்சி வாய்ப்பு ஊதியமாகாது: வளரும் கலைஞர்களின் உரிமைகள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தம் படைப்பு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதற்காக வளரும் கலைஞர் பணம் செலுத்தலாமா, எழுத்து ஆவணம் ஏதுமின்றி அதைப் பிறர் கையில் ஒப்படைக்கலாமா, காட்சிக்கு வைக்கப்பட்டதையே உழைப்புக்கான ஊதியமாக ஏற்றுக்கொள்ளலாமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் கூடாது என்பதே இக்கூட்டமைப்பின் விடையாகும். இங்கு வளரும் கலைஞர் என்பது வயதைக் குறிப்பதன்று. கலைக் கல்லூரியிலிருந்து அண்மையில் வெளிவந்தவரும், வேறு தொழிலில் இருந்துகொண்டே நாற்பது வயதில் தூரிகையைக் கையில் எடுத்தவரும், தனிக் காட்சி ஒன்றோ இரண்டோ மட்டுமே நடத்தியவரும் இச்சொல்லுள் அடங்குவர். சமகாலக் கலை என்பதும் இவ்வறிக்கையில் ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு நில்லாமல், ஓர் இடத்தையே படைப்பாக மாற்றும் நிர்மாணக் கலை, உடலையே ஊடகமாகக் கொள்ளும் நிகழ்த்துக்கலை, காணொலி, ஒளிப்படம், தெருச்சுவர் ஓவியம் எனத் தன் காலத்தோடு உரையாடும் எல்லா ஆக்கங்களையும் தழுவும் சொல்லாகவே ஆளப்படுகிறது.

கட்டணக் காட்சி எனப்படுவது இன்று பெரும்பாலும் கைப்பேசிக்கு வரும் ஓர் அழைப்பிலேயே தொடங்குகிறது. படைப்பின் ஒளிப்படத்தை அனுப்புமாறு கேட்பார்கள். அனுப்பிய ஓரிரு நாளில் ‘தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்’ என்ற செய்தி வரும். அதன் பின்னரே பங்கேற்புக் கட்டணம், சட்டகம் போடும் செலவு, கேட்லாக்கில் ஒரு பக்கத்துக்கான தொகை என ஒவ்வொன்றாகப் பட்டியல் நீளும். முடிவில் சான்றிதழும் கேடயமும் தரப்படும். இத்தகைய காட்சியை நடத்துபவருக்குப் படைப்பு விற்க வேண்டிய தேவையே இல்லை. அவருடைய வருவாய் சுவரில் தொங்கும் படங்களை வாங்க வருபவரிடமிருந்து வராமல் படங்களைத் தொங்கவிட்டவர்களிடமிருந்தே வந்துவிடுகிறது. அதனால் வாங்குவோரையும் விமர்சகர்களையும் அழைத்துவரும் உழைப்பு அங்கே நடப்பதில்லை. திறப்பு விழா நாளில் வருவோர் பெரும்பாலும் பங்கேற்றவர்களின் உறவினர்களாகவே இருக்கிறார்கள்.

ஆனால் கூடத்தை வாடகைக்கு எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் போன்ற பொது நிறுவனங்களின் கூடங்களை நாள் வாடகைக்கு எடுத்து, நான்கைந்து நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு, தாங்களே படங்களைத் தேர்ந்து மாட்டி, தாங்களே விற்று, வந்த தொகை முழுவதையும் தாங்களே எடுத்துக்கொள்வது நேர்மையான வழியாகும். தொடக்க நிலையில் அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை என்றே இக்கூட்டமைப்பு கருதுகிறது. அங்கே கலைஞர் வாங்குவது இடத்தை. கட்டணக் காட்சியில் அவருக்கு விற்கப்படுவதோ ‘தேர்வு’ என்னும் பெயர். காசு கொடுத்த எவரும் பெறக்கூடிய தேர்வு யாரையும் தேர்ந்ததாகாது. அத்தகைய சான்றிதழ்கள் தன்விவரக் குறிப்பில் எத்தனை வரிகளை நிரப்பினாலும், உதவித்தொகைக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் அவ்வரிகளைப் பார்த்தவுடனேயே இனங்கண்டுகொள்கிறார்கள்.

பணமில்லாத கலைஞர் வேறென்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழகத்திலேயே வலுவான விடையொன்று உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக் கலைக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, அவர்களுடைய ஓவியங்களுக்குப் போதிய சந்தை இருக்கவில்லை. புரவலர் எவருடைய பணத்தையும் நம்பி அவர்கள் இறங்கவுமில்லை. துணியில் மெழுகைப் பூசி, மெழுகு படாத இடங்களில் சாயம் ஏற்றும் பாட்டிக் முறையில் துணிகளையும், வேறு கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டே நிலத்தை வாங்கினர். நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கும் மறுபகுதியைத் தம் சொந்தக் கலைக்கும் ஒதுக்கினர். பிழைப்புக்கான வேலை கலையின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் இன்றும் கல்லூரி வளாகங்களில் பரவலாகக் காணப்படுகிறது; பள்ளியில் ஓவிய ஆசிரியராகவோ, திரைப்படக் கலைத் துறையிலோ, வடிவமைப்பு நிறுவனத்திலோ வேலை பார்ப்பதைத் தோல்வியாகவே பலர் எண்ணுகின்றனர். சோழமண்டலத்தின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு நேர் எதிராக நிற்கிறது: வாடகையையும் உணவையும் வேறொரு வேலை பார்த்துக்கொள்ளும்போது, விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடி ஓவியத்தின் மீது ஏறுவதில்லை, வரும் அழைப்பை மறுக்கும் துணிவும் அப்போதுதான் கலைஞருக்கு வாய்க்கிறது.

இரண்டாம் கேள்வி ஆவணம் பற்றியது. கலைஞர்கள் தனிக் கூடங்களுக்குப் பெரும்பாலும் கன்சைன்மென்ட் முறையிலேயே, அதாவது கூடம் படைப்பை விலைக்கு வாங்காமல், விற்றுத் தந்தால் கமிஷன் எடுத்துக்கொள்ளும் உடன்பாட்டின் பேரிலேயே, தம் படைப்புகளை ஒப்படைக்கின்றனர். கமிஷன் விற்பனை விலையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இருப்பது பரவலான வழக்கம். காட்சியை ஒழுங்குசெய்து, விளம்பரம் செய்து, வாங்குவோரை அழைத்துவரும் கூடம் அத்தொகையைப் பெறுவதில் தவறேதுமில்லை. தவறு நேர்வது, படைப்பு வாசற்படியைத் தாண்டும்போது ஒரு துண்டுச் சீட்டுகூடக் கைமாறாமல் இருப்பதில்தான். ஒப்படைப்புச் சீட்டு ஒரே பக்கத்தில் அடங்கக்கூடியது: படைப்பின் தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம் முதலிலும் அகலம் அடுத்துமாக அளவு, ஒப்படைக்கும் நாளில் அதன் நிலை, விற்பனை விலை, கமிஷன் விழுக்காடு, தள்ளுபடி தரப்பட்டால் அது யார் பங்கிலிருந்து கழியும் என்ற விவரம், விற்றபின் எத்தனை நாளுக்குள் பணம் வந்துசேர வேண்டும் என்ற கெடு, விற்காவிட்டால் திரும்பப்பெறும் தேதி, கூடத்தில் இருக்கும் காலத்திலும் வழியிலும் சேதமானால் ஈடு செய்யும் பொறுப்பு, இருவர் கையொப்பம். இவற்றுள் கலைஞர்கள் கேட்கத் தயங்குவது நிலைக் குறிப்பைத்தான். கேன்வாஸின் மூலையில் ஏற்கெனவே இருந்த சிறு மடிப்பும், அக்ரிலிக் பரப்பில் ஏற்பட்ட கீறலும் ஒப்படைக்கும் நாளிலேயே ஒளிப்படத்தோடு பதிவாகியிருந்தால், திரும்ப வரும்போது புதிதாகச் சேர்ந்த சேதம் எது என்ற வாக்குவாதத்துக்கே இடமிராது. கையொப்பம் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நன்மதிப்புள்ள கூடங்கள் தாமாகவே இச்சீட்டைத் தருகின்றன, தர மறுக்கும் கூடமோ தன்னைப் பற்றிய தகவலை முன்கூட்டியே தந்துவிடுகிறது.

படைப்பை விற்பதும் பதிப்புரிமையை விற்பதும் வெவ்வேறு என்பதைப் பல மூத்த கலைஞர்களே அறிந்திருக்கவில்லை என்பதால் இதைச் சற்று விரித்துரைப்பது தேவையாகிறது. பதிப்புரிமை என்பது படைப்பைப் படியெடுக்கவும், அச்சிடவும், நாட்காட்டியிலோ சட்டையிலோ பயன்படுத்தவும் உரிய உரிமையாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, அவ்வுரிமையின் முதல் உடைமையாளர் படைப்பாளியே. கேன்வாஸ் வேறொருவர் வீட்டுச் சுவருக்குச் சென்ற பின்னும் அது படைப்பாளியிடமே இருக்கிறது, அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுக்கும் உரியதாகிறது. இதற்கு 17ஆம் பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது. அவற்றுள் வளரும் கலைஞர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைவித்த ஓவியம், உருவப்படம், எடுப்பித்த ஒளிப்படம் ஆகியவற்றைப் பற்றியதாகும். மாறான உடன்பாடு இல்லையெனில் அவற்றின் பதிப்புரிமை பணம் கொடுத்தவரையே சேர்கிறது. ஆகவே ஆணை ஓவியத்தை ஏற்கும் கலைஞர், பதிப்புரிமை தம்மிடமே இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால், தாம் வரைந்த படத்தைத் தம் நூலில் அச்சிடவே பிறர் அனுமதியை நாட நேரிடும். உரிமையை மாற்றிக் கொடுப்பதாயினும் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தாக வேண்டும் என்று 19ஆம் பிரிவு வரையறுக்கிறது. கால அளவு குறிப்பிடப்படவில்லையெனில் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லையெனில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும், உலகெங்கும்’ என்று போட்டி விதிமுறைகளின் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் இடம்பெறும் தொடருக்கு எதிராக, காட்சிக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் என்ற திருத்தத்தைக் கலைஞர்கள் கோர வேண்டும்.

இவ்வுரிமைகள் ஏட்டளவில் நிற்பவையல்ல என்பதற்குச் சிற்பி அமர்நாத் சேகலின் வழக்கு சான்றாகும். தில்லி விக்ஞான் பவனுக்காக 1957இல் அரசு அவரிடம் கேட்டுச் செய்வித்த வெண்கலச் சுவர்ச்சிற்பம், ஏறத்தாழ 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்டதாக, ஆண்டுக்கணக்கான உழைப்பில் உருவானது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அது பெயர்த்தெடுக்கப்பட்டு, துண்டுதுண்டாகக் கிடங்கில் போடப்பட்டது. பணம் கொடுத்துச் செய்வித்த பொருளை என்ன செய்வதும் தன் விருப்பமே என்பது அரசின் வாதம். படைப்பைச் சிதைத்துத் தம் நற்பெயருக்கு ஊறு செய்வதைத் தடுக்கும் உரிமை, பதிப்புரிமையையே கைமாற்றிய பின்னும் படைப்பாளியிடம் எஞ்சுகிறது என்று 57ஆம் பிரிவு கூறுகிறது; அதன் துணைகொண்டு சேகல் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. பெயர்த்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து தீர்ப்புவரை கால் நூற்றாண்டு கடந்திருந்தது என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியுள்ளது. கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளின் சுவர்களில் இன்று பேரோவியங்கள் எழுந்துவரும் நிலையில், சுவர் இடிக்கப்படும்போதோ மறுவண்ணம் பூசப்படும்போதோ கலைஞருக்கு முன்னறிவிப்புத் தரப்படும் என்ற ஒரு வரியேனும் ஒவ்வொரு சுவர் ஓவிய உடன்பாட்டிலும் இடம்பெற வேண்டும்.

மறுவிற்பனை குறித்த பொருளில் உலக அளவில் பேசப்படும் நிகழ்வு 1973இல் நியூயார்க்கில் நடந்தது. ராபர்ட் ரவுஷன்பெர்க்கின் ஓர் ஓவியத்தை 1958இல் 900 டாலருக்கு வாங்கியிருந்த சேகரிப்பாளர் ராபர்ட் ஸ்கல் அதை 85,000 டாலருக்கு ஏலத்தில் விற்றார். ஓவியருக்கு அதில் ஒரு காசும் சேரவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்னரே, கலைக் காட்சி அமைப்பாளர் செத் சீகலாபும் வழக்கறிஞர் ராபர்ட் புரொஜான்ஸ்கியும் சேர்ந்து, விலை உயர்வில் 15 விழுக்காட்டைக் கலைஞருக்கு உறுதிசெய்யும் மாதிரி ஒப்பந்தமொன்றை அச்சிட்டு வெளியிட்டிருந்தனர். இந்தியச் சட்டத்தின் 53அ பிரிவும், 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியம், சிற்பம் முதலியவற்றில் 10 விழுக்காட்டுக்கு மிகாத பங்கைப் படைப்பாளிக்கோ வாரிசுக்கோ அளிக்கிறது. சட்டத்தில் எழுதப்பட்ட இவ்வுரிமை ஏலங்களிலும் கூடங்களிலும் வழக்கமாக வேரூன்றவில்லை. ஆகவே விற்பனை ரசீதிலேயே அப்பங்கை ஒரு நிபந்தனையாக எழுதிவிடுமாறும், படைப்பு யாரிடம், எந்த ஊரில் உள்ளது என்ற பதிவேட்டைத் தாமே பேணுமாறும் கலைஞர்களை இக்கூட்டமைப்பு கேட்டுக்கொள்கிறது. படைப்பு இருக்குமிடம் தெரியாதவரால் எந்தப் பங்கையும் கோர முடியாது.

மூன்றாம் கேள்வியான ஊதியத்தில் கனடாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 1967இல் அந்நாட்டின் தேசியக் கலைக்கூடம், காட்சியில் இடம்பெற்ற படைப்புகளை ஒளிவில்லைகளாகப் படியெடுக்கப்போவதாகவும், மறுப்பு வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும் என்றும் கலைஞர்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் அதை எதிர்த்ததோடு நில்லாமல், 1968இல் சக கலைஞர்களைத் திரட்டி ஓர் அமைப்பையே தோற்றுவித்தார். அவ்வமைப்பு தொடர்ந்து போராடியதன் பயனாக, 1988இல் திருத்தப்பட்ட கனடியப் பதிப்புரிமைச் சட்டம், விற்பனைக்கல்லாமல் பொதுக் காட்சிக்கு வைக்கப்படும் படைப்புக்கு ஊதியம் கோரும் உரிமையைக் கலைஞருக்கு வழங்கியது. விளக்கு அமைப்பவருக்கும், அழைப்பிதழ் அச்சிடுபவருக்கும், தேநீர் வழங்குபவருக்கும் செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்கப்படும்போது, எதற்காக அக்காட்சி நடக்கிறதோ அப்படைப்பைச் செய்தவருக்கு மட்டும் ஒன்றுமில்லை என்ற நிலையை எந்த நியாயத்தாலும் ஏற்க இயலாது. சிறு அமைப்புகளிடம் பணமில்லை என்ற மறுப்பு உண்மையானதே. அவை தம் வரவு செலவுக் கணக்கைப் பங்கேற்பாளரிடம் வெளிப்படையாகக் காட்டி, குறைந்தது போக்குவரத்து, சட்டகம், பொருள் செலவு ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளுமாயின் இக்கூட்டமைப்பு அவற்றுக்குத் துணைநிற்கும். இலவசமாகத் தருவது என்பது கலைஞர் தாமே தேர்ந்து, தமக்கு உடன்பாடான நோக்கத்துக்காகத் தரும் கொடையாக இருக்கலாமே தவிர, பெரிய நிதிப் பின்புலமுள்ள நிறுவனங்கள் எதிர்பார்க்கும் வழக்கமாக இருத்தலாகாது.

மேற்கண்டவற்றின் அடிப்படையில், இக்கூட்டமைப்பு தான் நடத்தும் எந்தக் காட்சியிலும் விண்ணப்பக் கட்டணமோ பங்கேற்புக் கட்டணமோ பெறாது. தேர்வுக் குழுவினர் பெயர்களை அழைப்பிலேயே அறிவிக்கும். ஒப்படைப்புச் சீட்டு இல்லாமல் எந்தப் படைப்பையும் வாங்கி வைக்காது. கட்டணக் காட்சிகளுக்குத் தன் பெயரையோ, நடுவராகத் தன் உறுப்பினரையோ வழங்காது. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளின் இறுதியாண்டுப் பாடத்தில் ஒப்பந்தம், பதிப்புரிமை, விலை நிர்ணயம் ஆகியவை குறித்த ஒரு தாளைச் சேர்க்குமாறும், தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு நடத்தும் காட்சிகளில் பரிசு பெறாத பங்கேற்பாளர்களுக்கும் காட்சி ஊதியம் வழங்குமாறும் மாநில அரசை இக்கூட்டமைப்பு கோருகிறது. ஒப்படைப்புச் சீட்டு, ஆணை ஓவிய உடன்பாடு, மறுவிற்பனை நிபந்தனையுடன் கூடிய ரசீது ஆகிய மூன்றின் தமிழ் மாதிரிகளையும் உறுப்பினர் அல்லாதவர்க்கும் கட்டணமின்றி வழங்கவும், கையொப்பமிடும் முன் எந்தக் கலைஞர் கொண்டுவரும் ஒப்பந்தத்தையும் அவரோடு அமர்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்கவும் இக்கூட்டமைப்பு பொறுப்பேற்கிறது.